கைப்பாடம்

என் தங்கையைக் கொன்ற குற்றத்தில் பாதி கிஷோருடையது, மீதிப் பாதி ஒரு ஹெல்மெட்டுடையது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கிஷோரை உள்ளே தள்ளினார்கள். ஹெல்மெட்டை எப்படித் தள்ளுவது? நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீதிப் பாதியை அப்படியே அந்தரத்தில் தொங்கவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அந்த மீதிப் பாதி எவன் தலையில் இறங்க வேண்டுமோ அவன் தலையில் நான் இறக்குவேன்.

தர்ஷினி செத்தது ஒரு காலை வேளையில், மதுரை அண்ணாநகரில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அரைக்கக் கொடுத்த மாவை வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பின்னால் பேட்டரி வண்டி வந்தது. பேட்டரி வண்டிகள் வந்தபிறகு சங்கிலி பறிக்கிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம், சத்தமே கிடையாது. கிஷோரின் கை அவள் கழுத்துக் கொடியில் விழுந்தது. சாதாரணமாக இருந்தால் கொடி அறுந்து போயிருக்கும், அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருப்பாள். எங்கள் பெண்கள்தான் விவரமானவர்கள் ஆயிற்றே. பறிப்புக்குப் பயந்து தாலிக்கொடியை முந்தானைக்கு அடியில் ரவிக்கையோடு சேர்த்து ஊக்குக் குத்திக்கொள்வார்கள். தர்ஷினிக்கு அந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தது எங்கள் அம்மா. நல்ல கெட்டியான ஊக்கு. கொடியும் அறவில்லை, ஊக்கும் விடவில்லை, அவனும் விடவில்லை. கரண்ட் கம்பம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான்.

எதிர்வீட்டுக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. போலீஸ் வாங்கியபோது நானும் ஒரு பிரதி கேட்டு என் போனில் வைத்துக்கொண்டேன். காபி குடிக்கும்போது பார்த்தேன். படுக்கப் போகுமுன் பார்த்தேன். மற்றவர்கள் சாமி கும்பிடும் நேரத்தில் நான் அதைப் பார்த்தேன். அவன் தோள் சாய்வது, கை நீளுவது, விரல் மடங்குவது. பார்க்கப் பார்க்க வயிறு எரியும். எரிய வேண்டும் என்றுதான் பார்த்தேன்.

ஹெல்மெட் விஷயத்தை எனக்கு விளக்கியவர் டாக்டர் நூர்ஜஹான். நீதிமன்றத்துச் சுவடுக்கூடத்தில், குற்றவாளியின் மூளையைப் படிக்கும் கருவி அவர் பொறுப்பில்தான் இருந்தது. தீர்ப்பு வந்த அன்று வராந்தாவில் அவரை மறித்துக்கொண்டு நின்றேன். விரட்டிவிடாமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித் தருகிறேன் என்றேன்.

"உங்ககிட்ட கத்துக்கிட்டவங்களை ரோட்டுல பார்த்தா அடையாளம் தெரியுமா சுபாஷிணி?"

தெரியும் என்றேன். வண்டியைத் திருப்பும்போது இடது தோளைக் கொஞ்சம் இறக்குவார்கள். அது என் பழக்கம். நான் அதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. என்னைப் பார்த்துப் பார்த்து அவர்களாகவே எடுத்துக்கொண்டது.

"அவ்வளவுதான் விஷயம்," என்றார் டாக்டர். "எந்த வேலையும் யாரும் தானா கத்துக்கிறதில்ல. திருட்டும் அப்படித்தான். கை கத்துக்கும்போது எதிர்ல எந்த முகம் இருந்துச்சோ, அதையும் சேத்தேதான் மூளை எடுத்து வைக்கும். பிறகு அந்த வேலையைச் செய்யும்போதெல்லாம் அந்த முகமும் லேசா முழிச்சுக்கும். எங்க மெஷின் அதைத்தான் படிக்குது. அந்தப் பையனுக்குச் சொல்லிக் குடுத்தவன் கடைசி வரைக்கும் ஹெல்மெட்டைக் கழட்டல. அதனால ஹெல்மெட்தான் வந்துச்சு."

எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுத்த முகத்தைத்தான் படிப்பீர்களா, செய்தால் தப்பில்லை என்று சொல்லிக் கொடுத்த முகம் வராதா என்று கேட்டேன்.

"வரும். ஒண்ணு கைப்பாடம், இன்னொண்ணு வாய்ப்பாடம். ரெண்டும் வரும். ஆனா வாய்ப்பாடத்தைச் சட்டம் கேக்காது. கேட்டா ஊரையே தூக்கி உள்ள வைக்கணும்."

இந்தச் சட்டத்துக்கு ஊரில் பங்குச் சட்டம் என்று பெயர். குற்றம் செய்தவனுக்குப் பாதி, கைப்பாடம் சொன்னவனுக்குப் பாதி. சட்டம் வந்த புதிதில் எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். பூட்டு ரிப்பேர்க்காரர் வேலைக்கு ஆள் வைத்துக்கொள்வதை நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினார்கள். காலேஜ் காலத்தில் சுவர் ஏறிக் குதித்த கதையைச் சொல்ல வாயெடுக்கும் அப்பன்மார்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார்கள். நல்லவர்கள் இப்படித் தடுமாறிக்கொண்டிருக்க, திருடர்கள் மட்டும் முதல் வாரமே ஆளுக்கொரு ஹெல்மெட் வாங்கிவிட்டார்கள்.

எங்கள் வழக்கில் வந்த ஹெல்மெட்டுக்குள் இருந்த தலை யாருடையது என்று ஊருக்கே தெரியும். பைபாஸ் ரோட்டுக்குப் பின்னால் பழைய வண்டி வாங்கி விற்கும் ஷெட் வைத்திருந்த அழகுமலை. பையன்கள் மத்தியில் ஹெல்மெட் வாத்தியார். எங்கள் பகுதி இன்ஸ்பெக்டரே என்னிடம் சொன்னார், "ஊருக்குத் தெரிஞ்சு என்னம்மா பண்ண, மெஷினுக்குத் தெரியலையே." மெஷின் வந்தபிறகு மனுஷன் வாயால் சொல்லும் சாட்சியை எந்தக் கோர்ட்டும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆகவே மெஷினுக்குத் தெரியவைக்க வேண்டும். அழகுமலையின் முகம் பதிந்த ஒரு மூளை வேண்டும். அந்த மூளை ஒரு குற்றம் செய்து மாட்ட வேண்டும். தர்ஷினி வழக்கில் இல்லாவிட்டாலும் அந்த வழக்கிலாவது அவன் உள்ளே போவான். அப்படி ஒரு மூளைக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருந்தது ஒன்றுதான்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெயர் ஜெயக்கொடி. பெயருக்கு ஏற்ற பெண்பிள்ளை. தர்ஷினி போனதிலிருந்து ஊக்கு என்ற பொருளையே வீட்டில் வைக்காமல் தூக்கிப்போட்டுவிட்டு, தன் முந்தானையைக் கையால் பிடித்துக்கொண்டு திரிந்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பேச்சு: அவன் வெளியில் நடமாடுகிறான், நீ சோறு தின்கிறாய். அன்றைக்கு நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"செயிலுக்குப் போகணுமேடி."

"போறேன்."

"போயிட்டு வா. ஆனா ஒண்ணு. நீ கை வைக்கப் போறது எந்த வீட்டுப் பிள்ளையோ, யாரு பெத்ததோ. அதுக்கு நோகக் கூடாது."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு ஆத்திரத்திலும் அம்மாவுக்கு அது தோன்றியதே. நோகாது அம்மா என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஷெட்டுக்குப் போவதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. கீழே விழாமல் தானே நிமிர்ந்து நிற்கும் ஸ்கூட்டர்கள் கடைக்கு வந்திருந்தன. அதை ஓட்ட யாருக்கும் வாத்தியார் வேண்டாம். என் பள்ளிக்கு ஆளே வரவில்லை, மூடிவிட்டேன். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத பெண், வேலை வேண்டும் என்று அழகுமலையின் முன்னால் போய் நின்றேன். தர்ஷினி கல்யாணமாகிப் போனவள், வழக்கில் அவள் புருஷன் பெயர்தான் இருந்தது. என்னை அவனுக்குத் தெரியவில்லை.

கறுப்பு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஷெட்டுக்குப் பின்னால் பொட்டலில் ஒரு கழியை நட்டு, அதற்குப் பழைய சேலையைச் சுற்றி, கழுத்து உயரத்தில் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டிருந்தான். என்னை ஒருதரம் ஓட்டிவந்து அதைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். கயிறு கையோடு வந்தது.

ஹெல்மெட் என் பக்கம் திரும்பியது.

"இதுக்கு முன்னாடி யாருகிட்ட கத்துக்கிட்ட தாயி?"

யாரிடமும் இல்லை என்றேன்.

"பொய் சொல்லாத. கை தானா போகுது. யாரோ நல்லா சொல்லிக் குடுத்துருக்கான்."

ஸ்கூட்டர் பழக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, வேலை சீக்கிரம் முடியும் என்று. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அவன் என்னைச் சேர்த்துக்கொண்டான். பெண் வண்டி ஓட்டி வந்தால் தெருவில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. ஹெல்மெட் மட்டும் கழலவே இல்லை. மதுரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள், ஒருவன் நாள் முழுக்க ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். பையன் வாங்கிவரும் ஜிகர்தண்டாவைக் கண்ணாடிக்கு அடியில் ஸ்ட்ராவை நுழைத்துக் குடிப்பான். பாதி கழுத்தில் வழியும். சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன். சிரித்தால் மனசு இளகிவிடுமோ என்று பயம்.

ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். ஆள் பக்திமான். பாண்டி கோயில் பக்கம் வண்டியில் போனால் செருப்பைக் கழற்றி பெட்ரோல் டேங்க்மேல் வைத்துக்கொண்டு ஓட்டுவான். ஆயுத பூஜை நெருங்கியது. அன்றைக்கு யாரும் ஷெட் பக்கம் வரக்கூடாது, மறுநாள் வந்தால் போதும் என்று எல்லாரிடமும் சொல்லி அனுப்பினான். ஏன் என்று மற்ற பையன்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சாமிக்கு முன்னால் எவனும் தலையை மூடிக்கொண்டு நிற்கமாட்டான்.

பூஜையன்று பூசணிக்காய் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சாம்பிராணிப் புகை வெளியே வந்தது. குனிந்து உள்ளே நுழைந்தேன். திருட்டு வண்டிகள் எல்லாம் குளிப்பாட்டி, சந்தனப்பொட்டும் மாலையுமாக வரிசையில் நின்றன. அவற்றுக்கு நடுவில் சூடம் எரியும் தட்டோடு அழகுமலை நின்றான். ஹெல்மெட்டும் ஒரு ஸ்டூலில் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதுவும் ஆயுதம்தானே.

கொலைகாரன் முகத்தை எதிர்பார்த்துப் போனேன். இருந்தது ரேஷன் கடையில் சர்க்கரை நிறுத்துப் போடுகிறவர் முகம். வழுக்கைத் தலை, நெற்றி முழுக்க வேர்க்குரு.

"பாத்துட்டியா?" என்றான்.

"பாத்துட்டேன் வாத்தியாரே. என் வண்டிக்கும் பொட்டு வைக்கணும்னு வந்தேன்."

சூடம் எரிந்துகொண்டிருந்தது. என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. விரட்டினால் தீபாராதனை பாதியில் நின்றுவிடும். கடைசியில் தட்டை என் பக்கம் நீட்டினான்.

"எடுத்துக்க. சாமி முன்னாடி பாத்த முகம். நீ என்ன பண்ணுவேங்கிறதை அதுவே பாத்துக்கும்."

கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் தங்கைக்காக வேண்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் என் ஒருத்திக்கு மட்டும் அவன் ஹெல்மெட் போடாமல் பாடம் நடத்தினான். ஒருதரம் பார்த்தாயிற்று, இனி எதற்கு வெந்து சாக வேண்டும் என்றான். வேர்க்குரு கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. அதற்காக எனக்கு நன்றிகூடச் சொன்னான்.

நான் அந்த முகத்தைத் தின்கிற மாதிரி பார்த்தேன். அவன் கையை நீட்டிக் காட்டும்போது கையைப் பார்க்கமாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டான். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு வந்து எனக்குப் பாதி கொடுப்பான். ஒழுங்காகச் சாப்பிடு, கை நடுங்கும் என்பான். இன்னொருவன் அப்படிச் சொல்லியிருந்தால் அண்ணன் என்று கூப்பிட்டிருப்பேன்.

ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் தயங்கினான். பாவமில்லையா, பொம்பளைங்க அழுவாங்களே என்றான். அழகுமலை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்தான்.

"அழுவாங்க. மூணு மாசத்துல வேற கொடி வாங்கிருவாங்க."

எத்தனை பேருக்குச் சொன்ன பேச்சோ, தேய்ந்துபோன நாணயம் கையில் புரளும் சுலபத்தோடு வந்தது. கிஷோரும் இந்தக் கொட்டகையில்தான் இதைக் கேட்டிருப்பான். பக்கத்தில் ஸ்பேனர் கிடந்தது. அதை எடுத்து அவன் மண்டையில் போட்டிருந்தால் ஹெல்மெட்தான் உடைந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஊக்குப் பாடம் கடைசியாக வந்தது. கழியில் சுற்றிய சேலைக்குள் கயிற்றை ஊக்கால் குத்திவைத்தான். என்னைப் பிடித்துப் பார்க்கச் சொன்னான். பிடித்தேன், கழியே பெயர்ந்து வந்தது.

"பாத்தியா? கட்டை விரல்ல தட்டுப்படும். அந்த நிமிஷமே விட்டுறணும். யோசிக்கவே கூடாது. ஊக்கு இருந்தா அந்தக் கழுத்து நமக்கு இல்லன்னு அர்த்தம்."

மறுபடி மறுபடி செய்ய வைத்தான். சில சமயம் ஊக்கு இருக்கும், சில சமயம் இருக்காது. தட்டுப்பட்டால் விடு, தட்டுப்பட்டால் விடு. என் கை அலுத்துப்போகும் வரை நிறுத்தவில்லை.

இதை எல்லாருக்கும் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்தான். போன வருஷம் ஒரு அவசரக்குடுக்கை, இந்தப் பாடம் வர்றதுக்கு முன்னாடியே தனியாத் தொழிலுக்குப் போயிட்டான். ஒரு பொண்ணு செத்துப்போச்சு. என் பேரைக் கெடுத்துட்டான்."

பேரைக் கெடுத்துவிட்டானாம். என் தங்கை அவனுக்கு ஒரு கெட்ட பேர். அவ்வளவுதான். அன்று ராத்திரி அம்மாவிடம், நாளைக்கே செய்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். காலை நேரம், புதூர் பக்கம், போலீஸ் பூத் எதிரில், மேலே கேமரா. கீரைக்கட்டோடு ஒரு அம்மா போனார், ஐம்பது வயசு இருக்கும். கழுத்தில் கொடி தெரிந்தது. நெரிசல் தெரு, வண்டி மெதுவாகத்தான் போகும், விழமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோளைச் சாய்த்தேன். கையை நீட்டினேன். விரல் மடங்கியது.

கட்டை விரலில் ஊக்கு தட்டுப்பட்டது.

நான் விடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், விட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கை விட்டுவிட்டது.

அந்த அம்மா பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு, வேறு ஒன்றுமில்லை. நான் வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். எழுந்து வந்து என் கன்னத்தில் ஒரு அறை விட்டார். கூட்டம் கூடியது. "ஊக்குப் போட்டிருந்தேன், பொழச்சேன்," என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். போலீஸ் என்னை ஏற்றும்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். அழகுமலை பெயர், ஷெட், கழி, சேலை. மரியாதைக்கு எழுதிக்கொண்டார்கள். அப்புறம் டாக்டர் நூர்ஜஹானின் கருவிக்குள் தலையைக் கொடுத்தேன். என் வீட்டு வாசலில் கோலம் போட உட்காருகிற மாதிரி அவ்வளவு இஷ்டமாக உட்கார்ந்தேன்.

தீர்ப்பு நாளில் அழகுமலையைக் கூட்டி வந்திருந்தார்கள். ஹெல்மெட் இல்லாமல், விபூதி பூசிக்கொண்டு, கைகட்டி நின்றான். நான் யார் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. தர்ஷினியின் பெயரைச் சொன்னபோது திரும்பி என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அம்மா என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

டாக்டர் எழுந்தார். குற்றம் இரண்டு துண்டாக வந்திருப்பதாகச் சொன்னார். பிடித்தது ஒன்று, விட்டது ஒன்று.

"விட்டதுல ஒரு முகம் ரொம்பத் தெளிவா இருக்கு. அதோ நிக்கிறாரே, அவர்தான். பிடிச்சதுல இருக்கிற முகம் அவர் இல்ல."

டாக்டர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"தோள் சாயறது, கை போறது, விரல் மடங்குறது, எல்லாத்துலயும் ஒரே ஆள். சின்ன வயசு. மேலேயிருந்து, கொஞ்சம் பின்னாலேயிருந்து தெரியறாரு, கேமராவுல தெரியற மாதிரி. குரல் இல்ல. பேரு கிஷோர்."

பிறகு நடந்ததெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது போலத்தான். எத்தனை தரம் அந்தப் பதிவைப் பார்த்தீர்கள் என்று நீதிபதி என்னைக் கேட்டார். கணக்கு இல்லை என்றேன். அந்த ஆள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான், மாதக்கணக்கில் கற்றுக்கொடுத்தான் என்று கத்தினேன். அவர் டாக்டரைப் பார்த்தார்.

"முதல்ல எது உக்காந்துச்சோ அதுதாங்க அடி," என்றார் டாக்டர். "அவர் பிறகு சொல்லிக் குடுத்ததெல்லாம் ஏற்கெனவே இருந்ததுமேல பூசினது. விடுறது மட்டும்தான் அவங்களுக்குப் புதுசு."

அழகுமலையைக் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு, "நான் விடச் சொல்லித்தாங்க குடுத்தேன்," என்றான். மெஷினும் அதையேதான் சொன்னது. விட்டது குற்றமில்லை. இன்னும் சொல்லப்போனால் அவர் பாடம்தான் அந்த அம்மாவின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று நீதிபதி குறிப்பு எழுதினார். என் தங்கையைக் கொன்றவனுக்கு என் கையாலேயே நற்சான்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

பங்குச் சட்டப்படி எனக்கு இரண்டு வருஷம். என் வாத்தியாருக்கு இரண்டு வருஷம். கிஷோரைச் சிறையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தினார்கள். "நான் யாருக்கும் எதுவும் சொல்லிக் குடுக்கலையே சார்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பார்த்துக் கற்றாலும் கற்றல்தான் என்று சட்டம் சொல்கிறது. இன்னும் இரண்டு வருஷம் அதிகமாகக் கிடக்கட்டும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வெளியே கூட்டிப்போகும்போது வராந்தாவில் டாக்டர் அருகில் வந்தார். வாய்ப்பாடத்திலும் ஒரு முகம் வந்தது, சட்டம் கேட்காததால் நான் சொல்லவில்லை என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அம்மா சற்றுத் தள்ளி முந்தானையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வேறு ஒன்றைக் கேட்டேன். அடியில் உட்கார்ந்த முகம் மாறவே மாறாதா?

"மாறும். வேற முகத்தைப் பார்த்துக்கிட்டே அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செஞ்சா பழசு மங்கும். வருஷக்கணக்காகும்மா. எதுக்குக் கேக்கறீங்க?"

சும்மாதான் என்றேன்.

சிறைக்கு வந்த மூன்றாவது வாரம் அழகுமலை என்னைப் பார்க்க வந்தான். வருவான் என்று எனக்குத் தெரியும், பக்திமான் அல்லவா. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். ஷெட்டை மூடிவிட்டானாம். மாட்டுத்தாவணிப் பக்கம் பஞ்சர் கடை போட்டிருக்கிறானாம். மன்னிச்சிரு தாயி என்றான். மன்னிப்பதாகச் சொன்னேன். ஒரே ஒரு உதவி செய்யச் சொன்னேன்.

"ராத்திரியெல்லாம் அந்தப் படம்தான் கண்ணுக்குள்ள ஓடுது வாத்தியாரே. அவன் கை போறதுதான் தெரியுது. தூங்க முடியல. நீங்க ஒருதரம் செஞ்சு காட்டுங்க. உங்க கையைப் பார்த்தா அது போயிரும்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தோளைச் சாய்த்து, கையை நீட்டி, விரலை மடக்கினான். என் கையும் மடிமேல் கூடவே மடங்கியது. நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாராவாரம் வருகிறான். கேட்காமலேயே செய்து காட்டுகிறான், இது எனக்கு மருந்து என்று நம்புகிறான். ஊக்குப் பாடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதைப் பார்த்தால் தர்ஷினி நினைவு வருகிறது என்றேன். ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டி அதை விட்டுவிட்டான். அந்தப் படம் இருந்த போனை யாரிடம் கொடுத்தேன் என்றே மறந்துவிட்டது. கிஷோரின் முகத்தை நினைத்தால் இப்போது முழுசாக வருவதில்லை, ஒரு சட்டை மட்டும் வருகிறது. கண்ணை மூடிக் கையை நீட்டினால் வழுக்கைத் தலை வருகிறது.

நேற்று அம்மா வந்தாள். இளைத்துப்போயிருந்தாள். இன்னும் எத்தனை மாசம் என்று கேட்டாள். சொன்னேன். குரலைத் தணித்துக்கொண்டு, வெளியே வந்ததும் மறுபடியும் செய்யப் போகிறாயா என்றாள். இந்தத் தடவை தப்பாது, ஊக்கு இல்லாத கழுத்தாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அம்மா கண்ணாடியில் கையை வைத்தாள்.

"ஊக்கு இல்லாட்டி அறுத்துக்கிட்டு வந்துருமேடி. வண்டி இழுப்புல அந்தப் பொண்ணு விழுந்துட்டா? எந்த வீட்டுப் பிள்ளையோ, யாரு பெத்ததோ. வேண்டாம்டி. போதும் விட்டுரு."

"அழுவாங்கம்மா. மூணு மாசத்துல வேற கொடி வாங்கிருவாங்க."

அம்மா கையை எடுத்துவிட்டாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அது எங்கேயோ கேட்ட பேச்சாக இருந்தது. யார் சொன்னது என்று யோசிப்பதற்குள் மணி அடித்து, நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள்.